மதியம் ஒரு மணிக்கு வெந்நீர்

அன்புள்ள முரளி,

நேற்று நீ வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தது ஒரே ஒரு வரி. "அப்பா, கொண்டாப்பூர் வீட்டுக்கு எத்தனை லிட்டர் கீசர் வாங்கலாம்?" பதிலாக ஓர் எண்ணைத் தட்டி அனுப்பியிருக்கலாம். தட்டவும் செய்தேன். பிறகு அழித்தேன். மறுபடி தட்டி, மறுபடி அழித்தேன். நீ அந்தப் பக்கம் 'டைப்பிங்' என்று பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பாய். கடைசியில் பழைய டைரியிலிருந்து நாலைந்து தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். நீயும் ஸ்ரவந்தியும் தனிக் குடித்தனம் வைக்கப் போகிறீர்கள். ஒரு குளியலறைக்கு முன்னால் நான் எப்படிப்பட்ட ஆளாக நின்றிருந்தேன் என்பதை உன்னிடம் சொல்லாமல் வெறும் லிட்டர் கணக்கை மட்டும் சொல்லி அனுப்புவது சரியில்லை என்று பட்டது. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். அதனால் பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

ஹைதராபாத்தில், திருமுல்கேரியில் இந்த வீட்டுக்கு நாம் வந்தபோது உனக்கு நாலு வயது, உன் அக்காவுக்கு ஏழு. ஒரே குளியலறை, அதில் பதினைந்து லிட்டர் கீசர். எனக்கு ஆஃபீஸ் பஸ் ஆறே காலுக்கு லால் பஜார் முனையில் வரும். அதனால் ஐந்து மணிக்கு முதல் குளியல் என்னுடையது. அடுத்து அக்கா, அதற்கடுத்து நீ. பதினைந்து லிட்டர் வெந்நீரைக் கலந்து விளாவினால் இரண்டு பக்கெட்டுக்குமேல் வராது. தொட்டி மறுபடி சுட இருபது நிமிடம். இந்தக் கணக்கையெல்லாம் நானே போட்டு, ஒரு நேரப் பட்டியல் எழுதி ஒட்டியிருந்தேன். கீசர் ஓடினால் கூடத்தில் சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி ஒரு ஏற்பாடும் செய்திருந்தேன். விளக்கு எரிந்தால் யாரோ மின்சாரத்தைச் செலவழிக்கிறார்கள் என்று பொருள். முப்பத்து நாலு வருடம் பாதுகாப்புத் துறை நிறுவனத்தில் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு வீடும் ஒரு பட்டறையாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததில்லை.

உனக்கு நினைவிருக்கும், ஏழாம் வகுப்பில் ஒருநாள் நீ உள்ளே போய் அரை மணி நேரம் வரவில்லை. நான் வெளியிலிருந்தபடியே கீசர் சுவிட்சை அணைத்தேன். தலையில் ஷாம்பூவோடு "நக்கோ டாடி, நக்கோ" என்று நீ கத்தியது தெருவுக்கே கேட்டது. தமிழில் திட்டினால் இந்தியிலும் தெலுங்கிலும் பதில் சொல்கிற பையன் நீ. அன்று 'வேண்டாம்' என்பதைக்கூட ஹைதராபாத் பாஷையிலேயே சொல்லி அழுதாய். நான் அதைப் பல வருடம் சிரிப்புக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் இருவரும் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு உன் அம்மா குளிப்பாள். அதற்கு முன்பே, நான் பஸ்ஸுக்குப் போகும்போது, "ரெண்டு பேரும் முடிச்சதும் ஆஃப் பண்ணிடு" என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவளிடம் சொல்லிவிட்டுப் போவேன். தினமும் சொன்னேன். அவளும் தினமும் சரி என்றாள்.

நான் ரிட்டையர் ஆனதும் நீ செய்த முதல் காரியம் மாடியில் சோலார் பேனல் போட்டது. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி கழிந்து ஒரு வாரம் இருக்கும். நான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டேன். என் வீட்டு மின்சாரத்தைப் பற்றி என்னைக் கேட்காமல் ஒருவன் முடிவெடுப்பதா என்று உள்ளே ஒரு எரிச்சல். ஆனால் முதல் நாள் மதியம் மாடியேறி, பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு மாற்றித் தருகிற இன்வெர்ட்டரில் யூனிட் எண் ஏறுவதைப் பார்த்தபோது அந்த எரிச்சல் கரைந்துவிட்டது. அப்புறம் நாளுக்கு நாலு முறை ஏறினேன். உன் அம்மா கீழே இருந்து, "மேல என்னா, குழந்தையா அழுவுது?" என்று கேட்பாள்.

டிசம்பரில் வந்தது சிக்கல். நல்ல வெயில் அடிக்கிற மதிய நேரம், சரியாகப் பன்னிரண்டரைக்கு, இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழும்பும், மறுபடி அணையும். நான் ஒவ்வொரு வயராகப் பிரித்துப் பார்த்தேன், ஒரு பழுதும் இல்லை. கடைசியில் லைன்மேனைக் கூப்பிட்டேன். அவர் கம்பத்தைப் பார்த்தார், நம் தெருவின் மாடிகளைப் பார்த்தார். ஏழு வீட்டு மாடியில் பேனல். குளிர்காலம் என்பதால் யார் வீட்டிலும் ஏசியோ கூலரோ ஓடவில்லை. பாதி வீடுகளில் ஆளே இல்லை. ஏழு வீட்டு மின்சாரமும் ஒரே கம்பியில் ஏறி வெளியே போகப் பார்க்கிறது. கம்பியில் வோல்டேஜ் ஏறிவிடுகிறது, இன்வெர்ட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. அவர் சிரித்துக்கொண்டே, "மத்யானம் கரெண்ட் எக்குவைபோதுந்தி சார். மீரே வாடுகோண்டி" என்றார். மதியம் கரெண்ட் அதிகமாகிவிடுகிறது, நீங்களே பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று. காலையில் இருட்டில் வெளியிலிருந்து மின்சாரம் வாங்கி வெந்நீர் போடுகிறோம். உச்சி வெயிலில் சொந்த மின்சாரத்தை வைக்க இடமில்லாமல் முழிக்கிறோம். இது என் கண்ணில் படாமல் இருந்ததுதான் வேடிக்கை.

அன்று மாலை உன்னிடம் போனில் புலம்பினேன். நீ உடனே, "கீசரை மதியத்துக்கு மாத்துங்க அப்பா. பெரிய டேங்க் ஒண்ணு வாங்கி டைமர் போடுங்க" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "பகல் ஒரு மணிக்கு எவன்டா குளிப்பான்?" என்றேன். நீ, "அம்மாவைக் கேட்டுப் பாருங்களேன்" என்றாய். நான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை. ஆனால் யோசனை பிடித்திருந்தது, அதுவும் அது என் யோசனை என்று ஒரு வாரத்தில் என்னையே நம்ப வைத்துக்கொண்ட பிறகு. நூறு லிட்டர் தொட்டி வாங்கினேன். சுற்றிலும் தடிமனான பஞ்சு மாதிரி வெப்பக் காப்பு வைத்தது. மதியம் இரண்டு மணி நேரம் ஓடினால் அறுபது டிகிரிக்குச் சுட்டுவிடும், மறுநாள் காலை வரை சூடு தாங்கும். எனக்கு ஐந்து மணிக் குளியலும் தப்பாது. பஸ் நின்ற பிறகும் நான் ஐந்து மணியை விடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஒரு தவறு. இதை உன் அக்காவிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை. அலமாரியில் ஒரு சின்ன டைமர் கிடந்தது, மீன் தொட்டி விளக்குக்காக எப்போதோ வாங்கினது. தற்காலிகமாக இருக்கட்டும் என்று அதில் அந்தப் பெரிய கீசரை மாட்டினேன். அது தாங்காது என்பது பயிற்சிக்கு வருகிற பையன்களுக்குக்கூடத் தெரியும். நானே எத்தனையோ பேருக்கு அந்த வகுப்பை எடுத்திருக்கிறேன். பதினொரு மணிக்கு டைமர் டக்கென்று விழுந்தது. நான் பெருமையாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் உன் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"என்னாங்க, பிளாஸ்டிக் கருகுற வாசன வருதே."

"உன் குக்கர் கேஸ்கட்டா இருக்கும்."

"குக்கரே வெக்கல."

ஓடிப் போய்ப் பார்த்தால் டைமர் உருகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டு அதன் முன்னால் நின்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். "இதத்தான் முப்பத்து நாலு வருஷமா சொல்லிக் குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லாததற்கு அன்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். மறுநாள் முறையாக ஓர் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, தனி வயர் இழுத்து, அந்தச் சுமையைத் தாங்கும் சுவிட்சும் டைமரும் வைத்தோம். நீயும் அவசரத்தில் எதையாவது தற்காலிகம் என்று மாட்டாதே. அனுபவம் இருக்கிறது என்கிற தெம்பில்தான் அந்தத் தப்பு நடக்கும்.

புதுத் தொட்டி ஓடிய முதல் நாள், ஜனவரி மாதம், மதியம் ஒரு மணி. தண்ணீர் சுட்டுவிட்டது, இன்வெர்ட்டர் அணையவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் செய்தியை உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். உன் அம்மா துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அன்று காலையில் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். கதவு சாத்தியது. பக்கெட் நிரம்புகிற சத்தம், பிறகு ஊற்றுகிற சத்தம். மறுபடி நிரம்பியது. கால் மணி ஆயிற்று, இருபது நிமிடம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. வழுக்கி விழுந்துவிட்டாளோ என்று எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. குளிக்கிறேன்."

"இவ்வளவு நேரமா?"

உள்ளே கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "சூடா இருக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான். மறுபடி ஊற்றினாள்.

வெளியே வந்தபோது முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வேர்த்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள். மாடிப்படியில் வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்து தலை துவட்டினாள். நானும் போய் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். விளையாட்டாகத்தான் கேட்டேன், தினமும் இவ்வளவு நேரம் குளிப்பாயா என்று.

"பச்சத் தண்ணியில இவ்ளோ நேரம் நிக்க முடியுமா?"

"பச்சைத் தண்ணியா? எப்போ?"

"எப்போன்னா? எப்பவும்தான்."

எனக்குப் புரியவில்லை. கீசர் இருக்கிறதே, போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். அவள் தலையைச் சாய்த்துத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "ஒரு தடவ போட்டேன். இந்த வீட்டுக்கு வந்த புதுசு, நல்ல குளிரு. நீங்க சாயங்காலம் வந்து குழாயத் தொட்டுப் பாத்தீங்க. ஒம்போது மணிக்குமேல யாரு போட்டதுன்னு கேட்டீங்க. பசங்க முன்னால. அப்புறம் எதுக்கு?"

"நானா கேட்டேன்?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா?"

கோபமாகச் சொல்லவில்லை முரளி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அந்த மாலை நினைவிலேயே இல்லை, அதுதான் என்னை உலுக்கியது. எனக்கு நினைவில்கூட நிற்காத ஒரு கேள்விக்காக ஒருத்தி இருபது வருடத்துக்குமேல், டிசம்பரிலும் ஜனவரியிலும், பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறாள். அதே வீட்டில், அதே பாத்ரூமில், தலைக்கு மேலே கீசர் தொங்கிக்கொண்டிருக்க. அன்று உன்னைக் கூப்பிட்டு, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். எட்டாம் வகுப்பில் அம்மை போட்டு ஒரு வாரம் வீட்டில் இருந்தபோது பார்த்ததாகச் சொன்னாய். "கேட்டேன் அப்பா. பழக்கம்னு சொன்னாங்க" என்றாய். பதின்மூன்று வயதில் நீ கேட்டாய், நான் அறுபதைத் தாண்டித்தான் கேட்டேன்.

அவள் துவட்டி முடித்து உள்ளே போனாள். பேனலைத் துடைக்க வேண்டும் என்று மாடிக்குப் போனேன். பேனல் சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுக் கீழே வந்து, "தப்பு என்னுது. நான் அப்படி இருந்திருக்கக் கூடாது" என்றேன். அவள் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். "சரி, சாம்பார் ஆறுது, உக்காருங்க" என்றாள். மன்னித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் அப்பளம் இரண்டு வைத்தாள்.

சும்மா வாயால் சொன்னது போதாது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு, அவள் குளித்துவந்த அதே நேரத்தில், வாளியில் பச்சைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். முதல் சொம்பை ஊற்றியதும் என் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அவள் வெளியே நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். "பாதியில வராதீங்க, முழு வாளியும் ஊத்துங்க" என்று கதவுக்கு வெளியிலிருந்து உத்தரவு வேறு. முழு வாளியும் ஊற்றினேன். பல் கிட்டித்துக்கொண்டு வெளியே வந்தபோது கையில் காபி கொடுத்தாள். இருபது வருடக் கணக்கு ஒரு வாளியில் தீராது என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் சிரிப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது. கூடத்துச் சிவப்பு விளக்கை அன்றே கழற்றினேன்.

இதற்குப் பிறகு ஐந்து மணிக் குளியலையும் விட்டேன். இப்போது மதியம் அவள் முதலில், நான் அடுத்தது. உடம்புக்கும் அதுதான் ஒத்துக்கொள்கிறது. அடுத்த வீட்டு ஹமீத் பாயிடம் விஷயத்தைச் சொன்னபோது, "தோப்பஹர் மே கைக்கு நஹானா சாப்?" என்றார். மதியத்தில் எதற்குக் குளிக்க வேண்டும் என்று அவரும் என்னைப் போலவே ஆரம்பித்தார். அவர் மனைவியிடம் உன் அம்மா என்ன பேசினாளோ, பத்து நாளில் அவர் வீட்டுக்கும் பெரிய தொட்டி வந்தது. "ஹவ் சாப், அச்சா ஹை", ஆமாம், நன்றாகத்தான் இருக்கிறது என்று, ஈரத் தலையோடு மாடியிலிருந்து கை காட்டினார். அப்படியே நாலு வீடு மாறிவிட்டது. மதியம் ஒரு மணிக்கு நம் தெருவில் நடந்தால் சோப்பு வாசனை வருகிறது. இந்தக் குளிர்காலத்தில் இன்வெர்ட்டர் ஒருமுறைகூட அணையவில்லை. மழைக்காலத்தில் நாலைந்து நாள் தொடர்ந்து மேகம் மூடினால் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் காலையில் கொஞ்சம் போட்டுக்கொள்கிறோம். சுவிட்சைப் போடுவது அவள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேருக்கு ஐம்பது லிட்டர் போதும். உங்கள் அபார்ட்மெண்ட் மாடியில் இருக்கிற பேனல் லிஃப்டுக்கும் பம்புக்கும்தான் என்று சொன்னாய். மதிய மின்சாரம் அங்கேயும் மிஞ்சும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் ஏற்றும் பம்பையாவது பகலுக்கு மாற்றச் சொல். கேட்காவிட்டால் இன்னொரு முறை சொல். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஸ்ரவந்தியிடம் போய், உனக்கு எப்போது குளிக்கப் பிடிக்கும் என்று கேள். உன் வேலை நேரத்தைச் சொல்லிவிட்டுக் கேட்காதே, சும்மா கேள். அவள் எப்போது வேண்டுமானாலும் சரி என்று சொன்னால் நம்பிவிடாதே. உன் அம்மாவும் தினமும் சரி என்றுதான் சொன்னாள். வீட்டைத் திறமையாக நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அந்தத் திறமை யார் தலையில் பச்சைத் தண்ணீராக விழுகிறது என்று எப்போதாவது திரும்பிப் பார். மின்சாரத்தைச் சேமிப்பதை நான் இன்றும் விடவில்லை. யாரிடமிருந்து சேமிக்கிறேன் என்பதைத்தான் அப்போது பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்தினமே வேலூரிலிருந்து மாமா குடும்பம், புனேயிலிருந்து அக்கா, அத்தான், குழந்தைகள் என்று பதினோரு பேர் வீட்டில் இருப்பார்கள். முகூர்த்தம் ஒன்பது மணி. முதல் நாள் மதியம் சுட்ட நூறு லிட்டரை வைத்துக்கொண்டு விடிகாலையில் எல்லோரும் குளித்தாக வேண்டும். நான் வழக்கம்போலக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். உன் அம்மா வந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். "நான் சொல்றேன், யாரு எப்போன்னு" என்றாள். சொன்னாள். அந்தப் பட்டியலில் நான் எங்கே என்று கேட்டேன். "உங்களுக்கென்ன, இருந்தா வெந்நி, இல்லன்னா பச்சத் தண்ணி. பழக்கம்தானே" என்றாள். சரி என்றேன்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அன்று காலை நீ மாப்பிள்ளை. அவசரமும் பதற்றமும் இருக்கும், கார் வந்து வாசலில் நிற்கும், சித்தப்பா ஹாரன் அடிப்பார். அப்போது அம்மா உள்ளே இருந்தால் நீயோ வேறு யாருமோ கதவைத் தட்டக் கூடாது. அவள் குளித்து முடித்து வரட்டும். நேரம் ஆகிவிட்டால் ஐயரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா